விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்த பிறகு பழைய புரோகிராம்களை நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் புதிதாகப் போட்டாயிற்று. ஆனாலும் சி டிரைவில் இருபது, இருபத்தைந்து ஜிபி எங்கே போனது என்று தெரியவில்லை. டி டிரைவில் பழைய புரோகிராம் ஃபோல்டர்கள் அப்படியே கிடக்கின்றன, டெலிட் கொடுத்தால் அனுமதி இல்லை என்கிறது. டெஸ்க்டாப்பில் பாதி ஷார்ட்கட்டுகள் வெள்ளைத் தாள் ஐகானாக நிற்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், பலரும் பழைய கணினியிலேயே 11-ஐப் போட்டுக்கொண்டு இந்த நிலையில் நிற்கிறார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு புரோகிராம் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்றால் இரண்டு விஷயங்கள் நடந்திருக்கின்றன: அதன் ஃபைல்கள் ஒரு ஃபோல்டரில் வந்து உட்கார்ந்தன, அதைப் பற்றிய விவரங்கள் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் பதிவாயின. இந்த ரெஜிஸ்ட்ரியின் முக்கியப் பகுதி இருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள், சிஸ்டம்32-இல் உள்ள கான்ஃபிக் ஃபோல்டரில். புதிய விண்டோஸ் வந்ததும் ரெஜிஸ்ட்ரியும் புதிதாகிவிடும். டி டிரைவில் கிடக்கும் பழைய புரோகிராம் இனி வெறும் ஃபைல் குவியல்தான். புதிய விண்டோஸுக்கு அது யாரென்றே தெரியாது.

ஆகவே விதி எளியது. செட்டிங்ஸ் → ஆப்ஸ் → இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் பெயர் இருந்தால் அங்கிருந்து அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பட்டியலில் இல்லாமல் ஃபோல்டர் மட்டும் கிடந்தால் ஃபோல்டரை அழித்தாலே போதும். பழைய ஃபோல்டருக்குள் இருக்கும் அன்இன்ஸ்டாலரைத் தேடி ஓட்டாதீர்கள். அது ரெஜிஸ்ட்ரியில் தன் பதிவைத் தேடும், கிடைக்காமல் பிழை காட்டி நிற்கும். அதே சாஃப்ட்வேரைப் புதிதாகப் போட்டிருந்தீர்கள் என்றால், பழைய அன்இன்ஸ்டாலர் புதியதன் பதிவுகளை அழித்துவிடவும் கூடும்.

உங்களுடையது எந்த வகை ரீஇன்ஸ்டால்?

எங்கே தேட வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

பார்ட்டிஷனை (டிஸ்க்கில் விண்டோஸுக்கென்று பிரித்த பகுதியை) ஃபார்மட் செய்து போட்டிருந்தால் சி டிரைவில் பழையது எதுவும் இருக்காது. மற்ற டிரைவுகளை மட்டும் பார்த்தால் போதும்.

ஃபார்மட் செய்யாமல் அதே பார்ட்டிஷனில் போட்டிருந்தால், பழைய விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் எல்லாம் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஒரே ஃபோல்டருக்குள் நகர்ந்திருக்கும். இரண்டு முறை அப்படிப் போட்டவர்கள் கணினியில் விண்டோஸ்.ஓல்ட்.000 என்று இன்னொன்றும் இருக்கலாம்.

ரீசெட் திஸ் பிசி வழியாக, கீப் மை ஃபைல்ஸ் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் ஆவணங்கள் தங்கும், வெளியிலிருந்து போட்ட புரோகிராம்கள் போய்விடும். எவை போயின என்ற பட்டியல் டெஸ்க்டாப்பில் ரிமூவ்டு ஆப்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபைலாக இருக்கும். அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் திரும்பப் போட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

பழைய விண்டோஸுக்கு மேலேயே, ஃபைல்களும் ஆப்களும் இருக்கட்டும் என்று அப்கிரேட் செய்திருந்தால் கதை வேறு. அங்கே ரெஜிஸ்ட்ரியின் பதிவுகளும் கூடவே வந்துவிட்டன. பட்டியலில் பெயர் இருக்கும், ஆனால் அன்இன்ஸ்டால் ஆகாமல் முரண்டு பிடிக்கும் புரோகிராம்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான்.

அழிக்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை விண்டோஸே 10 நாட்களில் அழித்துவிடும். அதற்குள் உள்ளே போய்ப் பாருங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பின்வருபவைதான் மறந்துபோகும்.

டேலி பிரைம் வைத்திருப்பவர்களின் கணக்கு, பாதையை மாற்றாமல் விட்டிருந்தால், யூசர்ஸ் → பப்ளிக் → டேலிபிரைம் → டேட்டா என்ற இடத்தில் இருக்கும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தேடினால் கிடைக்காது. கம்பெனி ஒவ்வொன்றுக்கும் எண் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். டேட்டா ஃபோல்டரை முழுமையாக காப்பி செய்து, புதிய டேலியில் திறந்து, கடைசி வவுச்சர் வரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதைத் தொடுங்கள்.

தமிழில் டிடிபி வேலை செய்பவர்களுக்கு எழுத்துருக்கள். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் இல்லையென்றால் பழைய பேஜ்மேக்கர், கோரல்டிரா ஃபைல்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். விண்டோஸ்.ஓல்ட் → விண்டோஸ் → ஃபான்ட்ஸ் ஒரு இடம். இரண்டாவது இடத்தைப் பலர் தவறவிடுகிறார்கள்: அட்மின் அனுமதி இல்லாமல் ஒரு யூசருக்கு மட்டும் போட்ட எழுத்துருக்கள், அந்த யூசரின் ஆப்டேட்டா → லோக்கல் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். இரண்டையும் காப்பி செய்யுங்கள்.

ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ → ஷோ → ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்தால்தான் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு புரொஃபைல்கள் இதற்குள் ரோமிங் பகுதியில் இருக்கும். முழு புரொஃபைலையும் எடுத்தால் சேமித்த கடவுச்சொற்களும் கூடவே வரும். குரோம் அப்படி இல்லை. புக்மார்க்குகளை மீட்கலாம், ஆனால் கடவுச்சொற்கள் பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. ஃபைலை காப்பி செய்து பயனில்லை. கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருந்தால் அங்கிருந்துதான் வரும். அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைல்கள் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில்.

10 நாள் போதாது என்று தோன்றினால், உள்ளே இருக்கும் யூசர்ஸ் ஃபோல்டரை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள்.

விண்டோஸ்.ஓல்டை நீக்குவது

செட்டிங்ஸ் → சிஸ்டம் → ஸ்டோரேஜ் → டெம்பரரி ஃபைல்ஸ் திறங்கள். பட்டியல் கணக்கிட்டு முடிய ஓரிரு நிமிடம் ஆகும். ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்ஸ் என்ற வரியை மட்டும் டிக் செய்து ரிமூவ் ஃபைல்ஸ் கொடுங்கள். இதே பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக இருக்கும். அவசரத்தில் அதையும் டிக் செய்து, இறக்கி வைத்ததையெல்லாம் இழப்பவர்கள் உண்டு. அதில் டிக் இல்லை என்று உறுதி செய்த பிறகே அழுத்துங்கள்.

அந்த வரியே வரவில்லை என்றால், ஸ்டார்ட்டில் டிஸ்க் கிளீனப் என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்து, கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ் பொத்தானை அழுத்துங்கள். அட்மின் அனுமதியோடு மறுபடி கணக்கிட்ட பிறகுதான் பழைய விண்டோஸ் வரி தோன்றும்.

அப்கிரேட் செய்தவர்கள் கவனிக்க: இதை நீக்கியதும் பழைய பதிப்புக்குத் திரும்பும் கோ பேக் வசதி போய்விடும். பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எல்லாம் புதிய விண்டோஸில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்.

விண்டோஸ்.ஓல்டை எக்ஸ்ப்ளோரரில் நேரடியாக அழிக்கவோ, அதன் அனுமதிகளை மாற்றவோ வேண்டாம். அதற்குள் ஜங்ஷன் எனப்படும் இணைப்புகள் நிறைய உண்டு. பார்க்க ஃபோல்டர் மாதிரி இருக்கும். உண்மையில் வேறொரு பாதையைச் சுட்டும். சில இப்போதைய சி டிரைவின் யூசர்ஸ் பக்கமே திரும்பிவிடும். அனுமதி மாற்றும் வேலை அவற்றின் வழியாக நடப்பு ஃபைல்களில் போய் இறங்க வாய்ப்புண்டு. டிஸ்க் கிளீனப்புக்கு இந்த அமைப்பு தெரியும்.

டி டிரைவில் கிடக்கும் ஃபோல்டர்கள்

இங்கே நேராக டெலிட்டுக்குப் போகாதீர்கள். முதலில் ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள், முன்னால் பழைய என்று சேர்த்தால் போதும். ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்று மறுத்தால், இப்போதைய விண்டோஸில் ஏதோ ஒன்று அந்த ஃபோல்டரிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் அழிக்கக் கூடாது. பெயர் மாறிவிட்டால் ஒரு வாரம் வழக்கம்போல் வேலை பாருங்கள். எதுவும் உடையவில்லையென்றால் ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு டெலிட் கொடுங்கள்.

அனுமதி இல்லை என்று மறுத்தால் காரணம் வேறு. பழைய விண்டோஸில் உங்கள் கணக்குக்கு ஒரு நீண்ட அடையாள எண் இருந்தது. ஃபோல்டரின் உரிமை அந்த எண்ணின் பேரில் பதிவாகியிருக்கிறது. புதிய விண்டோஸில் அதே பெயரில் கணக்கு வைத்திருந்தாலும் எண் வேறு. உரிமையை மாற்றும் வழி:

1. ஃபோல்டரில் ரைட் கிளிக் → ப்ராப்பர்ட்டீஸ் → செக்யூரிட்டி → அட்வான்ஸ்டு.
2. மேலே ஓனர் வரியில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண் தெரியும். பக்கத்தில் உள்ள சேஞ்சை அழுத்துங்கள்.
3. பெட்டியில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்று ஆங்கிலத்தில், பன்மையில் டைப் செய்து செக் நேம்ஸ் கொடுங்கள். பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் சரி. ஓகே.
4. ஓனர் வரிக்குக் கீழே புதிதாகத் தோன்றும் ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ் பெட்டியை டிக் செய்து அப்ளை. பிறகு ஓகே கொடுத்து எல்லா ஜன்னல்களையும் மூடுங்கள். மூடாமல் அடுத்த படிக்குப் போனால் மாற்றம் தெரியாது.
5. அதே அட்வான்ஸ்டு ஜன்னலை மறுபடி திறந்து ஆட் → செலக்ட் எ பிரின்சிபல் → அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் → ஃபுல் கன்ட்ரோல் → ஓகே.
6. அடியில் உள்ள ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட் பெர்மிஷன் என்ட்ரீஸ் என்று தொடங்கும் பெட்டியை டிக் செய்து அப்ளை. ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள்.

இதை அந்த ஒரு பழைய ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். டி டிரைவ் முழுவதற்கும் சேர்த்துச் செய்ய வேண்டாம். சி டிரைவில் உள்ள விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களில் ஒருபோதும் வேண்டாம். அப்டேட்டுகளும் ஸ்டோர் ஆப்களும் உடைந்து, இன்னொரு ரீஇன்ஸ்டாலில் கொண்டுபோய் விடும்.

டி டிரைவில் விண்டோஸ்ஆப்ஸ், டபிள்யூபிசிஸ்டம் என்ற ஃபோல்டர்கள் இருந்தால், பழைய விண்டோஸில் ஸ்டோர் ஆப்களையோ எக்ஸ்பாக்ஸ் கேம்களையோ அங்கே போட்டிருந்தீர்கள் என்று பொருள். மேலே சொன்ன ஆறு படிகளும் இவற்றுக்கும் பொருந்தும். ஆனால் புதிய விண்டோஸிலும் ஸ்டோர் ஆப்களை டி டிரைவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தால் புதியவையும் அதே ஃபோல்டரில்தான் கலந்திருக்கும். அப்போது கை வைக்காதீர்கள்.

டி டிரைவைத் திறக்கவே முடியாமல் 48 இலக்கச் சாவி கேட்டால் அது பிட்லாக்கர், டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சாவியைத் தேடுங்கள். எரிச்சலில் ஃபார்மட் கொடுத்தால் டேட்டாவும் சேர்ந்து போய்விடும்.

ஸ்டீம் கேம்கள் இருந்தால் அழிக்கவே வேண்டாம். ஸ்டீமைப் புதிதாகப் போட்டு, செட்டிங்ஸ் → ஸ்டோரேஜில் அந்த டிரைவைச் சேர்த்தால் ஏற்கெனவே உள்ள கேம்களை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். ஐம்பது, நூறு ஜிபியைத் திரும்ப டவுன்லோட் செய்யும் செலவு மிச்சம்.

பட்டியலில் இருந்தும் நீங்காதவை

இனி வருவது அப்கிரேட் செய்தவர்களுக்கு. ஃபார்மட் செய்து போட்டவர்கள் ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையும் தேட வேண்டாம். உங்கள் ரெஜிஸ்ட்ரியில் பழையது எதுவுமே இல்லை. அப்கிரேட் செய்தவர்களுக்கும் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. சில நூறு பதிவுகளை நீக்குவதால் கணினி வேகம் கூடாது, தவறான ஒன்று போனால் கோளாறு மட்டும் வரும்.

அன்இன்ஸ்டால் கொடுத்ததும், ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து எடுக்கட்டுமா என்று கேட்டால் யெஸ் கொடுங்கள். வேலை முடிந்தது.

எம்எஸ்ஐ ஃபைலை (புரோகிராமை இன்ஸ்டால் செய்த மூல ஃபைலை) கேட்டு அடம்பிடித்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டரிலிருந்து அந்தப் புரோகிராமின் பிரதி காணாமல் போயிருக்கிறது. இடம் மிச்சம் பிடிக்க அந்த ஃபோல்டரை யாராவது காலி செய்திருந்தால் இதுதான் விளைவு. அதே பதிப்பை மேலேயே ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டு உடனே அன்இன்ஸ்டால் செய்வது பெரும்பாலும் பலிக்கும். அந்தப் பதிப்பு கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபுள்ஷூட்டரை இறக்கி ஓட்டுங்கள். உடைந்த பதிவுகளை நீக்குவதற்கென்றே வந்தது அது.

ஆன்டிவைரஸ் விஷயத்தில் பாதி நீங்கிய நிலை ஆபத்தானது. வேறொரு பாதுகாப்பு ஓடுகிறது என்று நம்பி, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அணைந்தே கிடக்கும். உண்மையில் எதுவும் ஓடாது. மெக்காஃபி, நார்ட்டன், காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட் எல்லாமே தங்கள் தளத்தில் தனி நீக்கும் கருவி வைத்திருக்கின்றன. அதை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் இயங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கடைசியாக, கணினி தொடங்கும்போது காணாத ஃபைலைத் தேடிப் பிழை காட்டும் எச்சங்கள். இவற்றுக்கு, தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸ் கருவி போதும். முதலில், தவறு நடந்தால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். ஆட்டோரன்ஸை அட்மினாகத் திறந்து, ஆப்ஷன்ஸில் ஹைடு மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ் டிக் செய்யுங்கள். மஞ்சள் நிற வரிகள், ஃபைல் காணாமல் பதிவு மட்டும் தங்கியவை. பெயர் நீங்கள் நீக்கிய புரோகிராமுடையதுதான் என்று உறுதியானால் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நாள் பிரச்சினை இல்லையென்றால் டெலிட். டிக் எடுத்ததைத் திரும்பப் போடலாம், டெலிட் செய்ததைத் திரும்பப் பெற முடியாது. டிரைவர்ஸ் பகுதியில் தெரியாத பெயரைத் தொட வேண்டாம்.

நீக்கியும் திரும்பி வருபவை

சுத்தமாக ஃபார்மட் செய்து போட்டும், தயாரிப்பாளரின் சாஃப்ட்வேர் தானாக வந்து நிற்பதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுபவர்கள் பலர். அது மூன்று நான்கு வழிகளில் வருகிறது.

லேப்டாப்போடு வந்த ரிகவரி பார்ட்டிஷனிலிருந்து மீட்டிருந்தால் தொழிற்சாலையில் போட்ட ட்ரையல் ஆன்டிவைரஸ் முதல் எல்லாமே திரும்பும். 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலால் இன்ஸ்டாலர் செய்து போட்டால் இது வராது.

இரண்டாவது வழி பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள். டபிள்யூபிபிடி என்ற அட்டவணை வழியாக, மதர்போர்டில் சேமித்துள்ள ஒரு புரோகிராமை விண்டோஸ் தொடங்கும்போதே ஓட்டும் வசதி விண்டோஸ் 8 முதல் உண்டு. டிஸ்க்கை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் இது போகாது. 2015-இல் லெனோவாவின் சர்வீஸ் என்ஜின் இப்படி வந்து சர்ச்சையாகி, நீக்கும் கருவியை லெனோவாவே வெளியிட்டது. இன்றும் ஆசுஸ் போர்டுகளில் ஆர்மரி கிரேட், ஜிகாபைட்டில் ஆப் சென்டர், எம்எஸ்ஐ நிறுவனப் போர்டுகளில் டிரைவர் யூட்டிலிட்டி இன்ஸ்டாலர் என்று பயாஸ் மெனுவிலேயே இதற்கான தேர்வு இருக்கிறது. முதலில் அங்கே டிசேபிள் செய்து சேமியுங்கள், பிறகு விண்டோஸில் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வரிசை மாறினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்து கேட்கும்.

மவுஸ், கீபோர்டு செருகியதும் இறங்கும் சாஃப்ட்வேர் வேறு வழி. ஸ்டார்ட்டில் சேஞ்ச் டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ் என்று தேடி, நோ தேர்ந்தெடுங்கள்.

டெஸ்க்டாப்பில் செத்த ஷார்ட்கட்டுகள் வருவது ஒன்டிரைவால். பழைய டெஸ்க்டாப்பை அது பேக்கப் எடுத்து வைத்திருந்து புதியதில் கொட்டுகிறது. தாராளமாக அழிக்கலாம், ஆனால் அதே கணக்கு அலுவலகக் கணினியிலும் இருந்தால் அங்கேயும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பூட் மெனுவில் இரண்டு விண்டோஸ்

புதியதை வேறொரு டிரைவில் போட்டிருந்தால், தொடங்கும்போது எந்த விண்டோஸ் என்று கேட்கும். ஸ்டார்ட்டில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் தேடி, பூட் பகுதியில், கரன்ட் ஓஎஸ் என்று குறிக்கப்படாத வரியைத் தேர்ந்து டெலிட் கொடுங்கள். மெனுவில் இருந்து மட்டும்தான் போகும், ஃபைல்கள் இருக்கும்.

பழைய விண்டோஸ் இருந்த டிஸ்க்கை முழுதாகக் காலி செய்யும் முன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, கணினி தொடங்கத் தேவையான பூட் ஃபைல்கள் உள்ள இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். 100 எம்பி அளவில் சிறியதாக இருக்கும். புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டபோது பழைய ஹார்டு டிஸ்க்கும் இணைப்பில் இருந்திருந்தால், இன்ஸ்டாலர் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த அந்தச் சின்னப் பகுதியிலேயே எழுதியிருக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றினால் கணினி எழாது. அப்படி இருந்தால் பழைய விண்டோஸ் இருந்த பெரிய பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்து, சின்னதை விட்டுவிடுங்கள். பழைய டிஸ்க்கே வேண்டாம் என்றால், அதன் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியில் மட்டும் விண்டோஸை மறுபடி போடுவதுதான் அதிகம் அனுபவம் இல்லாதவர்களுக்குப் பாதுகாப்பான வழி.